மறைமுகம்

படிவம் பதினொரு பக்கம்.
நாலாம் பக்கத்தில் இரண்டு கட்டங்கள்:
நேரடி, மறைமுகம்.
ஒன்றில்தான் டிக் அடிக்கலாம்.

அனல்மின் நிலையத்தின் இரண்டாம் வாசலுக்கு எதிரே
தகரக் கூரையின் கீழ் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.
பெயர்?
தோலகேலே ம்சீசா.
வயது?
"நாலாவது உலை மூட்டிய வருஷம்
எனக்கு மூத்தவன் பிறந்தான்.
நீயே கூட்டிக் கழித்துக்கொள்."

தொழில்: அமக்வின்யா சுடுதல்.
காலை ஷிஃப்டுக்கு இருநூறு உருண்டை,
ராத்திரி ஷிஃப்டுக்கு நூற்றிருபது.
ஐந்து மணிச் சங்குக்குள் மாவு பொங்கியிருக்க வேண்டும்.
வீட்டில் கடிகாரம் வாங்கியதே இல்லையாம்.
மார்ச்சில் கடைசி உலையை அணைத்தார்கள்.
மறுநாளும் பழக்க தோஷத்தில்
இருநூறு சுட்டு வைத்திருக்கிறாள்.
"அன்றைக்கு நாய்களுக்குக் கல்யாண விருந்து."

சம்பளச் சீட்டு உண்டா என்று கேட்டேன்,
கேட்டே ஆக வேண்டும், ஒன்பதாம் கேள்வி.
மாவுக் கையைத் துடைத்துவிட்டு
ஒரு கடன் நோட்டை எடுத்துப் போட்டாள்.
கொதிகலன் ஃபிட்டர் ஸ்கோசானா, நாற்பத்தொரு ராண்ட்,
இப்போது டர்பனில் இருக்கிறாராம்.
சாம்பல் லாரி ஓட்டிய ம்ட்ஸ்வேனி, பதினாறு,
எங்கே என்று தெரியாது.
கிரேன்காரன் பேர் அடிக்கப்பட்டிருந்தது.
கொடுத்துவிட்டானா?
"இல்லை. செத்துவிட்டான்."

மறைமுகத்தில் டிக் அடித்தேன்.
என்ன எழுதினாய் என்றாள்.
சொன்னேன்.
அடுப்பைத் தாண்டி வந்து
என் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றாள்.
எண்ணெய்ச் சூட்டில் மினுங்கும் நெற்றி,
இடப்புருவத்தை வெட்டிப்போகும் பழைய தீக்காயம்.
"நல்லாப் பார்.
எதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறேன்?"

முந்தின நாள் நகராட்சி மண்டபத்தில்
ஆலோசகர் திரை விரித்திருந்தார்.
ம்புமலங்கா என்றால் சூரியன் எழும் இடம்,
ஆகவே இந்த மண்ணுக்கு இது இயல்பான அடுத்த அடி, என்றார்.
கைதட்டலுக்கு ஒரு கணம் விட்டுப் பார்த்தார்.
பின் வரிசையில் வெல்டர் ஒருவர் எழுந்தார்:
"சூரியனுக்கு எத்தனை ஷிஃப்ட், ஐயா?"
சிரிப்பு அடங்க நேரமாயிற்று.
கேட்டவர் மட்டும் சிரிக்கவில்லை,
பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார்.
தகடு பொருத்தும் பயிற்சிக்கு இருபத்துநாலு இடம்.
விண்ணப்பம் அறுநூற்றுச் சொச்சம்.

பொய் சொல்லக் கூடாது.
கொடியில் காயும் துணி
ஏப்ரலிலிருந்து வெள்ளையாகவே இறங்குகிறது.
என் இளையவன் மூன்று வாரமாக
இன்ஹேலரைத் தேடவில்லை.
அந்தப் புகைபோக்கிக்காக நான் அழ மாட்டேன்.
அது என் அப்பாவின் நெஞ்சில் பாதியைத் தின்றது.
ஆனால் வாசலில் ஓய்ந்து கிடக்கும் சாலையைப் பார்க்கையில்
தொண்டையில் என்னவோ அடைக்கிறது.
சாம்பலாக இருக்கலாம்.

முப்பத்தொன்றாம் கேள்வி: வீட்டு எரிபொருள்?
எல்லா வாசலிலும் ஒரே பதில்:
கரி, கரி, கொஞ்சம் பாரஃபின், கரி.
மின்கம்பி எங்கள் கூரைக்கு மேலேதான் போகிறது.
ஜோஹன்னஸ்பர்க் வரை இறங்காமல் போகிறது.
நாளை வெயிலில் பிறக்கும் மின்சாரமும்
அதே கம்பியில்தான் போகும் என்கிறார்கள்.
இறங்குமா என்று கேட்கப்
படிவத்தில் இடமில்லை.
என் வீட்டிலும் ஜூன் குளிருக்கு
மூன்று மூட்டை வாங்கி வைத்திருக்கிறேன்.
என்னிடம் யாரும் கேட்கவில்லை.
என் ஒப்பந்தமும் ஆகஸ்ட்டில் முடிகிறது.

கிளம்பும்போது பசித்தது.
சூடாக இரண்டு,
பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள்.
சில்லறை இல்லை, நாளை தருகிறேன் என்றேன்.
பெயர் கேட்பாள் என்று நின்றேன்.
கேட்கவில்லை.
காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து
நோட்டின் புதுப் பக்கத்தில் எழுதினாள்:
படிவக்காரன், எட்டு ராண்ட்.